காசநோய்க் கிருமியை மூத்திரப்பைக்குள் விடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. முப்பது வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். பீடி பழக்கம் உண்டு. மார்கழியில் ஒருநாள் வலியே இல்லாமல் சிறுநீர் ரத்தமாகப் போனது. ஸ்கேனில் மூத்திரப்பைக்குள் கட்டி தெரிந்தது. தை மாதம் ஸ்கோப் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள், மாசியில் இரண்டாவது தடவையும் சுரண்டிப் பார்த்தார்கள். தசைக்கு இறங்கவில்லை, ஆனால் ‘ஹை கிரேடு’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. வாரம் ஒன்றாக ஆறு தடவை பிசிஜி மருந்து உள்ளே விடவேண்டும் என்றார்கள். இரண்டு தடவை ஆகிவிட்டது. இரண்டாவது தடவை முடிந்து வீட்டுக்கு வந்ததும் எரிச்சல், அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம், ராத்திரி 100 டிகிரி காய்ச்சல். காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. ஆனால் அது டிபி கிருமி என்று தெரிந்ததிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. எங்கள் தாத்தா தோப்பூர் டிபி ஆஸ்பத்திரியில்தான் இறந்தார். என் குழந்தைக்கு நாலு மாதம், எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ‘அழகர் ஆத்துல இறங்கி முடியட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்று மூன்றாவது தடவைக்கு அப்பாவை அம்மா அனுப்பவில்லை. மரபணு மாற்றிய புது பிசிஜி வருகிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதுவரை காத்திருக்கலாமா டாக்டர்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செல்லூர், மதுரை

பதில்:

சகோதரி, காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து மூன்றாவது தடவைக்குத் தேதி வாங்குங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைக் கீழே படிக்கலாம். படித்துவிட்டு அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நான் அதிகம் கேட்டது அம்மாவின் குரலைத்தான். தன் வீட்டுப் பெரியவர் ஒருவரை டிபிக்குப் பறிகொடுத்த பெண், அதே நோயின் கிருமியைக் கணவர் உடம்புக்குள் ட்யூப் வழியாக விடுகிறார்கள் என்று கேட்டால் பயப்படத்தான் செய்வார். அந்தப் பயத்தை ‘ஒண்ணும் இல்லம்மா’ என்று தட்டிவிடக் கூடாது. அந்தக் கிருமி எது என்று உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

தாத்தாவுக்கு வந்த கிருமி வேறு. பிசிஜி அதன் சொந்தக்காரக் கிருமி, மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியிலிருந்து வந்தது. பிரான்சில் லில் என்ற ஊரில் கால்மெட் என்ற மருத்துவரும் கெரின் என்ற கால்நடை மருத்துவரும் சேர்ந்து 1908-ல் அதை வளர்க்க ஆரம்பித்தார்கள். மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுதான் அதற்குச் சாப்பாடு. ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டில் நட்டார்கள். நாற்றங்காலிலிருந்து நாற்றங்காலுக்கு மாற்றி மாற்றி நடுவது போல 13 வருடத்தில் 230 தடவை. இடையில் உலகப்போர் வந்து ஜெர்மன் படை ஊரையே பிடித்தபோதும் நிறுத்தவில்லை. அந்த 230 நடவில் கிருமி தன் நச்சுத் திறனுக்கு வேண்டிய மரபணுக்கள் சிலவற்றை இழந்துவிட்டது. உயிரோடு இருக்கும், நோய் கொடுக்கும் வல்லமை மட்டும் போய்விட்டது. 1921-ல் பாரிசில் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1948-லேயே கிண்டியில் பிசிஜி தயாரிக்கும் கூடம் வந்துவிட்டது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். உங்கள் குழந்தையின் இடது தோளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறந்ததும் போட்ட ஊசியின் சின்னத் தழும்பு இருக்கும், இல்லையென்றால் தழும்பாகிக்கொண்டிருக்கும். அதே பிசிஜிதான் அது. பேரப்பிள்ளைக்கு நல்லதென்று நாம் போட்ட கிருமியைத்தான் உங்கள் அப்பாவுக்கும், பல மடங்கு கூடுதலாக, வேறு இடத்தில் வைக்கிறார்கள்.

சரி, டிபி தடுப்பூசிக்கும் மூத்திரப்பைப் புற்றுக்கும் என்ன சம்பந்தம்? 1929-லேயே அமெரிக்காவில் ரேமண்ட் பேர்ல் என்பவர் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டும்போது, காசநோய் இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவாகக் காணப்படுவதைக் கவனித்தார். அதற்கும் முன்னால், 1890-களில், வில்லியம் கோலி என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் கிருமிகளை வைத்து உடம்பை உசுப்பிப் புற்றை எதிர்க்க முயன்றிருந்தார். மூத்திரப்பைக்கு இது பொருந்தும் என்று காட்டியவர் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் இருந்த ஆல்வரோ மொராலஸ். 1976-ல் ஒன்பதே ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். வாரம் ஒன்றாக ஆறு வாரம் என்று உங்கள் அப்பாவுக்குச் சொன்னார்களே, அந்தக் கணக்கு வந்த கதையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அவருக்குக் கிடைத்த மருந்து ஆறு குப்பி அடங்கிய பெட்டியாக வந்தது, பக்கவிளைவு ஒரு வாரத்துக்குள் அடங்கியது. அதனால் வாரம் ஒன்று, மொத்தம் ஆறு. அன்று வைத்த அளவு இன்றுவரை நிற்கிறது.

உள்ளே நடப்பதையும் சொல்கிறேன். ஸ்கோப் விட்டுப் பார்க்கும்போது இந்தப் புற்று இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, கண்மாய்த் தண்ணீருக்குள் ஆடும் பாசி மாதிரி மெல்லிய இழைகளாக அசைந்துகொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிடலாம். இன்னொன்று தட்டையானது. கோழிக்கொண்டைப் பூவின் மேல்புறம் போலச் சிவந்து, வெல்வெட் துணி மாதிரி சுவரோடு ஒட்டிப் படர்ந்திருக்கும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சட்டென்று பிடிபடாது. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் நான் சுரண்டி எடுத்த பிறகும், தெரியாத செல்கள் அந்தச் சுவரில் இருக்கலாம். ஹை கிரேடு என்றால் அவை சும்மா இருக்காது. மறுபடி வளரும், சில பேருக்குத் தசைக்கும் இறங்கிவிடும். தசைக்கு இறங்கிவிட்டால் பெரும்பாலும் மூத்திரப்பையையே எடுக்கவேண்டி வரும், வயிற்றில் பை ஒட்டிக்கொண்டு வாழவேண்டி வரலாம். பிசிஜி வைப்பது அந்த நாள் வராமல் தடுக்கத்தான்.

பிசிஜி நேரடியாகப் புற்றைக் கொல்வதில்லை. அது போய்ச் சுவரில் ஒட்டுகிறது. புற்றுச் செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. உடனே அந்த இடத்திலிருந்து அபாயச் செய்தி கிளம்புகிறது, உடம்பின் வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கிருமியைத் தேடி வந்த படை, அது நுழைந்த புற்றுச் செல்லையும் சேர்த்து அழிக்கிறது. முதல் தடவை உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும். இரண்டு, மூன்று ஆகும்போது எதிர்ப்பு வேகம் பிடிக்கும். எரிச்சல் முதல் வாரத்தில் இல்லாமல் இரண்டாவது வாரத்தில் வந்ததற்கு இதுதான் காரணம். இதற்காக, எரிச்சல் வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றும் நினைக்க வேண்டாம். எரிச்சலே இல்லாமல் நன்றாகக் குணமானவர்களும் என்னிடம் வருகிறார்கள்.

இரண்டோடு நிறுத்துவது ஏன் வீண் என்று இப்போது புரிந்திருக்கும். படையைத் திரட்டிவிட்டுப் பாதியில் கலைத்துவிடுகிறோம். முதல் சுற்று ஆறில் குறைந்தது ஐந்து தடவையாவது போயிருந்தால்தான் ‘இவர் பிசிஜி எடுத்துக்கொண்டார்’ என்றே நாங்கள் கணக்கில் வைப்போம். ஆறு முடிந்தாலும் கதை முடியவில்லை. 3, 6, 12, 18, 24, 30, 36 என்று அந்தந்த மாதத்தில் வாரம் ஒன்றாக மூன்று மூன்று வைப்பார்கள். எல்லாம் சேர்த்தால் 27. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2000-ல் வெளியானது. முதல் ஆறோடு நிறுத்தியவர்களில் பாதிப்பேருக்கு 36 மாதத்துக்குள் நோய் திரும்பியது. மூன்று வருடத் தொடர் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப்பேருக்குத் திரும்ப ஏறக்குறைய 77 மாதம் ஆனது. அந்த ஆய்விலும் எல்லோராலும் 27-ஐயும் முடிக்க முடியவில்லை, பலர் நடுவில் நின்றார்கள். அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். ஆகவே அப்பாவிடம் இப்போதே 27 என்று சொல்லி மலைக்க வைக்காதீர்கள். முதலில் ஆறு.

திருவிழாவைப் பற்றி. ஒரு வாரம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது, எரிச்சல் அடங்க நாங்களே சில பேருக்கு ஒரு வாரம் தள்ளுவோம். செல்லூரில் இருப்பவருக்கு அழகர் இறங்கும் அன்று கோரிப்பாளையத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அந்த ஒருநாளைத் தவிர்த்து முன்னாலோ பின்னாலோ தேதி கேளுங்கள். ‘திருவிழா முடியட்டும்’ என்பது ‘வெயில் தணியட்டும்’ ஆகி, அப்புறம் ‘ஆடி போகட்டும்’ ஆகிவிடக் கூடாது. அப்படித் தள்ளிப்போட்டுவிட்டு ஆவணியில் மறுபடி ரத்தத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த வீடியோ. அதில் சொன்னது முழுப் பொய் இல்லை. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் பிசிஜியின் மரபணுவில் இரண்டு வேலை செய்தார்கள். நம் வெள்ளை அணு ஒரு கிருமியை விழுங்கினால் சின்னப் பைக்குள் அடைத்து, அமிலம் சுரந்து கரைக்கப் பார்க்கும். பிசிஜியிடம் அந்த அமிலத்தை முறிக்க உதவும் மரபணு ஒன்று உண்டு. அதை நீக்கினார்கள். லிஸ்டீரியா என்ற இன்னொரு பாக்டீரியாவிடம் அந்தப் பையின் சுவரில் ஓட்டை போடும் புரதம் உண்டு, அமிலம் இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். அதற்கான மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அமிலமும் ஏறும், ஓட்டையும் விழும், கிருமியின் துணுக்குகள் வெளியே வரும், உடம்பு இன்னும் பலமாகக் கிளம்பும். நல்ல யோசனை. விபிஎம் 1002 என்று அதற்குப் பெயர். புணேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டும் இந்த முயற்சியில் இருக்கிறது. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும், பழைய பிசிஜி எடுத்தும் நோய் திரும்பிய சுமார் 40 பேருக்கு இதை வைத்துப் பார்த்ததில், ஒரு வருடத்துக்குச் சற்று மேல் கழிந்தபோது ஏறத்தாழ பாதிப்பேருக்கு மூத்திரப்பையில் நோய் திரும்பவில்லை. வேறு மருந்து வாங்கிய இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அல்ல அது. எனக்கும் அந்த ஆராய்ச்சியின் மேல் ஆர்வம் உண்டு. ஆனால் அது பழைய பிசிஜி பலிக்காதவர்களுக்காகச் செய்து பார்த்தது. உங்கள் அப்பாவுக்குப் பழைய பிசிஜி பலிக்குமா என்றே இன்னும் தெரியாது, அவர் இரண்டுதான் வாங்கியிருக்கிறார். கையில் இருக்கும் மருந்தை விட்டுவிட்டு வராத மருந்துக்காக ஒரு ஹை கிரேடு புற்றை வளரவிடக் கூடாது.

பிசிஜி பலிக்காமல் போனால் வழியே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2024-ல் அமெரிக்காவில் பிசிஜியோடு சேர்த்து மூத்திரப்பைக்குள் விடும் நோயெதிர்ப்பு மருந்து ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. கீமோ மருந்துகளை மூத்திரப்பைக்குள் விடும் முறையும் இருக்கிறது. தேவைப்பட்டால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் இருமலிலோ மூச்சிலோ இந்தக் கிருமி வராது. அவர் குழந்தையைத் தூக்கலாம், கொஞ்சலாம், தட்டு தம்ளர் தனியாக வைக்க வேண்டியதில்லை. மருந்து விட்ட நாளில் அவருடைய சிறுநீரில்தான் உயிருள்ள கிருமி வெளியேறும், அங்கேதான் கவனம் வேண்டும். அன்று நடக்கும் முறையைச் சொல்கிறேன்: பொடியாக இருக்கும் மருந்தை 50 மில்லி சலைனில் கலக்குவார்கள், கலங்கலாக இருக்கும். மெல்லிய ட்யூபை உள்ளே விட்டு மூத்திரத்தை வடித்துவிட்டு மருந்தை இறக்கி ட்யூபை எடுத்துவிடுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். அதற்காகக் காலையில் நாலு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர், காபி, டீயைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அன்று அதை எப்போது போடுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஆறு மணி நேரம் வரை அவர் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், நின்றால் தெறிக்கும். ஒவ்வொரு தடவையும் கோப்பையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நேரத்தில் பாத்ரூம் ஆசிடைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பிளீச்சிங்கும் ஆசிடும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது ஆபத்து. நீங்கள் பால் கொடுக்கிறவர், ஆகவே கழிவறையைக் கழுவும் வேலையை வேறு யாராவது கையுறை போட்டுச் செய்யட்டும். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடட்டும். இவ்வளவுதான். இரண்டு மணி நேரம் முடிந்து மருந்தை வெளியேற்றிய பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கலாம். உங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள்: ஒவ்வொரு தடவை மருந்து விட்ட பிறகும் ஒரு வாரம் தாம்பத்தியம் வேண்டாம், இல்லையென்றால் ஆணுறை வேண்டும்.

மருந்தை நீங்களே வெளியில் வாங்கிக் கொண்டுபோவதாக இருந்தால் ஐஸ் பெட்டியில் வையுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய உயிருள்ள மருந்து அது. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் அரை மணி நேரம் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. செலவு நெருக்குகிறது என்றால் ராஜாஜி ஆஸ்பத்திரி யூராலஜி பிரிவில் காட்டி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு என்ன வழி என்று அங்கேயே விசாரியுங்கள். பணத்துக்காக ஒரு தடவை விட்டுப்போக வேண்டாம்.

இனி நான் பயப்படும் விஷயம். அப்பாவுக்கு வந்த 100 டிகிரி, மறுநாள் விட்ட காய்ச்சல், இந்தச் சிகிச்சையில் சகஜம். சகஜம் இல்லாதது ஒன்று உண்டு. 101.3 டிகிரிக்கு மேல் ஏறினாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ, இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் விடாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, விரை வீங்கினாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிதாக இந்தக் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர், வயலில் மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று ஆறு நாள் கஷாயம் குடித்துக்கொண்டு இருந்துவிட்டார். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டபோதும் மூத்திரப்பைக்குள் பிசிஜி விட்டிருப்பதைச் சொல்லவில்லை. என்னிடம் வரும்போது பேச முடியாத நிலை. டிபி மாத்திரைகள் கொடுத்துத்தான் மீட்டோம், பல மாதம் பிடித்தது. அவர் இன்று நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஆறு நாள் என் மனதில் இருந்து போகவில்லை. ஒரு அட்டையில் ‘மூத்திரப்பைக்குள் பிசிஜி மருந்து விட்டிருக்கிறது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேதியோடு எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டட்டும்.

இன்னொன்று, எரிச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு ‘நீர்க்கடுப்பு மாத்திரை’ வாங்கிப் போடாதீர்கள். அப்படிக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்குகளில் சில பிசிஜியையே கொன்றுவிடும், வைத்த மருந்து வீணாகும். எரிச்சல் அதிகமென்றால் மூத்திரத்தை கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டு டாக்டர் எழுதுவதை மட்டும் போடட்டும். ட்யூப் விடும்போது ரத்தம் வந்தாலோ, அன்று காலை மூத்திரம் சிவப்பாகப் போயிருந்தாலோ அன்றைக்கு மருந்து விடக் கூடாது, நர்சிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு டிபி இருந்ததால் அப்பாவுக்கு பிசிஜி கூடாது என்று இல்லை. அப்பாவுக்கே எப்போதாவது டிபி வந்திருந்தால், இல்லை இப்போது விடாத இருமல் இருந்தால், நெஞ்சு எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் தொடர வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள்.

பீடியை நிறுத்தச் சொல்லுங்கள். மூத்திரப்பைப் புற்றுக்கு முதல் காரணம் புகைதான், பிசிஜி வைத்துக்கொண்டே புகைத்தால் நோய் திரும்ப நாமே வழி வைத்த மாதிரி. சாயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரென் என்ற மருத்துவர் சாயத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இந்தப் புற்று வருவதைக் கண்டு எழுதினார். சில சாயங்களிலிருந்து பிரியும் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து மூத்திரப்பையில் வந்து தங்கும். அப்படிப்பட்ட பல சாயங்களை 1990-களில் நம் அரசும் தடை செய்தது. உங்கள் அப்பா பட்டறையில் சேர்ந்த காலம் அதற்கு முந்தியது. சாயம்தான் காரணம் என்று ஒருவர் விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவரோடு தொட்டியில் கைவிட்டு வேலை பார்த்தவர்கள் செல்லூரில் இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் அப்பாவை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். வலியில்லாமல் ஒரே ஒரு தடவை ரத்தம் போய்த் தானாக நின்றிருந்தால்கூட, ‘சூடு’ என்று இளநீர் குடித்துவிட்டு விடாமல், மூத்திரப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்கச் சொல்லட்டும்.

ஆறு தடவை முடிந்து, மூன்றாவது மாதத்தில் ஸ்கோப் விட்டுப் பார்ப்பார்கள். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது உண்டு. முதல் ஸ்கோப் முடிவு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.